யல்லா சித்தப்பாவின் மீசை

"இதை வரையறவன் யாருன்னு நீதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

ஃபோர்மேன் ராமையா செல்போனை நீட்டி இப்படிச் சொன்னபோது, அதை வரைகிறவனான அருள்முருகன் கையில் பெயிண்ட் பிரஷ்ஷோடு அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான்.

போன் திரையில் இருந்தவர் யல்லா சித்தப்பா. சனிக்கிழமை சாயங்காலம் தோறும் ஓர் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வெளிவரும் நாலு கட்டச் சித்திரக்கதையின் நாயகர். ஏதோ ஒரு தொழிலாளர் கேம்பில், ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். வாயைத் திறந்தால் "யல்லா, யல்லா" என்று அரபியில் விரட்டுவார். காதில் எப்போதும் ஒரு சிகரெட். மீசையோ, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று ஹெல்மெட் மாட்டலாம், அவ்வளவு நீளம். அது சாயம் போட்ட மீசை என்பது தெரியவேண்டுமே என்று, உதட்டோரம் இரண்டு கருப்புச் சொட்டுகளையும் அருள் விடாமல் போட்டுவந்தான்.

ராமையாவுக்கும் காதில் சிகரெட் உண்டு. சாயம் போட்ட மீசையும் உண்டு. காலையில் கேம்ப் வாசலில் அவர் "யல்லா" என்றால் பஸ் டிரைவரே பயந்துபோய் வண்டியைக் கிளப்புவார். ஆகவே அபுதாபியின் முசஃபா தொழிற்பேட்டையில் அந்த இரும்பு கேட் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் சித்தப்பா யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. வரைவது யார் என்பது மட்டும்தான் தெரியாது. அது தெரிந்த ஒரே ஜீவன் அருளின் ரூம்மேட், கீழக்கரை செய்கு முகம்மது.

"நான் எப்படிண்ணே கண்டுபிடிக்கறது?"

"நீ பெயிண்டர். போர்டெல்லாம் எழுதறே. கோட்டைப் பாத்தா யாரு கோடுன்னு உனக்குத் தெரியாதா?"

"கண்டுபிடிச்சா என்னண்ணே பண்ணுவீங்க?"

"அதை நான் பாத்துக்கறேன்" என்று ராமையா காதிலிருந்த சிகரெட்டை உருவிக்கொண்டு வெளியே போனார்.

அருளுக்கு அன்று முழுக்க வேலையில் கவனமில்லை. அவன் அடித்த கேட்டிலும் அது தெரிந்தது. நல்லவேளை, ராமையாவுக்குக் கிட்டத்துப் பார்வை கொஞ்சம் மட்டம். "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ரூமுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னான். செய்கு முகம்மது துவைத்த சட்டையைக் கொடியில் போட்டபடியே தீர்ப்புச் சொன்னார். இந்த ஊரில் ஒருத்தரைக் கிண்டல் பண்ணி நெட்டில் போட்டால் விளையாட்டு இல்லை, கம்பெனிக்குத் தெரிந்தால் விசா கேன்சல், பேசாமல் அந்தப் பக்கத்தை அழித்துவிடு என்றார்.

அழிக்க அருளுக்கு மனசு வரவில்லை. அறந்தாங்கியில் ஒரு பிளெக்ஸ் போர்டு கடையில் அடுத்தவன் முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கியே காலம் போனது. இங்கே வந்து அடுத்தவன் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட். டூட்டி முடிந்து மேல் கட்டிலில் ஏறி, காலை மடக்கி, போனில் விரலால் வரையும் அந்த நாலு கட்டம்தான் அவன் தனக்காகச் செய்யும் ஒரே காரியம். போனின் இடது மூலை உடைந்திருந்தது. அங்கே விரல் பிடிக்காது. அதனாலேயே யல்லா சித்தப்பா கதையில் யாரும் இடது மூலையில் நின்றதில்லை. அதை ஒரு புதுமையான பாணி என்று பாராட்டிக்கூட ஒருவர் எழுதியிருந்தார். அப்படிப்பட்ட பக்கத்தை அழிப்பதாவது.

"பக்கத்தை அழிக்க வேணாம் பாய். ஆளை மாத்திடறேன். சித்தப்பாவைப் பாத்தா அவரு மாதிரியே இருக்கக் கூடாது, அவ்வளவுதானே?"

எங்கிருந்து மாற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது செம்பருத்தியிடமிருந்து செய்தி வந்தது.

செம்பருத்தி என்பது ஒரு வாசகர். பெயர் கிடையாது, முகம் கிடையாது, ஒரு செம்பருத்திப் பூவின் படம் மட்டும். மற்றவர்கள் எல்லாம் "செம", "வேற லெவல்" என்று இதயத்தைப் பறக்கவிட்டுப் போய்விடுவார்கள். செம்பருத்தி மட்டும் ஆரம்பத்திலிருந்தே குறைகளைத் தனியாக எழுதி அனுப்புவார். கறாரான ஆள். ஏதோ பத்திரிகையில் ஓவியராக இருந்து ஓய்வுபெற்றவராகத்தான் இருக்கவேண்டும் என்று அருள் முடிவுகட்டி, "சார்" என்றே பதில் போட்டுவந்தான். அந்தப் பக்கத்திலிருந்தும் மறுப்பு வந்ததில்லை.

இப்போது எழுதியிருந்தார்: "சித்தப்பாவுக்கு அந்த மீசை நன்றாகவே இல்லை. வழித்துவிட்டால் முகம் பளிச்சென்று இருக்கும்."

அருள் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்த வாரச் சித்திரத்தில் சித்தப்பா சலூன் நாற்காலியில் தூங்கிவிட்டார். ஓரத்தை மட்டும் வெட்டவா, முழுசும் எடுத்துவிடவா என்று பார்பர் கேட்கிறான். சித்தப்பா தூக்கத்தில் "யல்லா" என்கிறார். கடைசிக் கட்டத்தில் மீசை இல்லை.

திங்கட்கிழமை காலை ராமையா பஸ்ஸில் ஏறினார். மீசை இல்லை.

பல வருஷமாகக் காலண்டர் தொங்கிய இடத்தில் அதைக் கழற்றிவிட்ட சுவர் மாதிரி, உதட்டுக்கு மேலே மட்டும் வெளுத்துக் கிடந்தது. பின்சீட்டில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். ராமையா யாரையும் பார்க்காமல் முன்சீட்டில் உட்கார்ந்து, இல்லாத மீசையைத் தடவிக்கொண்டார்.

"மாப்ள, அவருக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று செய்கு முகம்மது காதில் கிசுகிசுத்தார். "நீ எங்க ஓடினாலும் நான் அங்க வருவேன்னு உனக்குச் சொல்லாமச் சொல்றாரு."

மத்தியானம் ராமையா பெயிண்ட் ஷெட்டுக்கு வந்தார். ஆள் கிடைத்தானா என்றார். பயத்தில் அருளின் வாய் அவனைக் கேட்காமலே பேசிவிட்டது. இந்தக் கோடு இந்த ஊர்க் கோடு மாதிரி தெரியவில்லை, துபாயில் அல் கூஸ் பக்கம் யாரோ ஒருத்தன் என்று கேள்வி என்றான்.

"அப்ப ஞாயித்துக்கிழமை போவோம்."

"யாருண்ணே?"

"நீயும் நானும்தான்."

அப்படியாகத் தன்னையே தேடிக்கொண்டு அருள்முருகன் வார லீவில் துபாய் பஸ் ஏறினான். அல் கூஸில் வெயில் தகரத்தில் பட்டு முகத்தில் அடித்தது. ராமையா ஒவ்வொரு ஒர்க்‌ஷாப் வாசலிலும், ஒவ்வொரு டீக்கடையிலும் தமிழ் முகமாகப் பார்த்து நிறுத்தி, போனைக் காட்டி, இதை வரைகிறவர் இந்தப் பக்கம் இருக்கிறாரா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கேட்ட ஆட்கள் போனைப் பார்த்தார்கள், ராமையாவைப் பார்த்தார்கள், மறுபடி போனைப் பார்த்தார்கள். ஒரு கண்ணாடிக் கடைப் பையன் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"அண்ணே, நீங்க யல்லா சித்தப்பா மாதிரியே இருக்கீங்களே?"

அருள் கண்ணை மூடிக்கொண்டான். இதோ விழப்போகிறது அறை என்று காத்திருந்தான். கண்ணைத் திறந்தபோது ராமையா அங்கிருந்த எல்லோருக்கும் டீ சொல்லிக்கொண்டிருந்தார். கோபத்தை அடக்க மனுஷன் என்ன பாடுபடுகிறார் என்று நினைத்து அவன் தன் டீயைத் தொடாமலே நின்றான்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலேயே செம்பருத்தி சாரிடம் யோசனை கேட்டான். சித்தப்பாவின் அடையாளத்தை இன்னும் மாற்றவேண்டியிருக்கிறது சார் என்றான். பதில் உடனே வந்தது.

"கண்ணாடி போடட்டும். போடவேண்டிய வயசுதான். வீம்புக்குப் போடாமல் இருக்கிறார்."

அருளுக்கு இது பிரமாதமாகப் பட்டது. ராமையா போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் படிப்பாரே தவிர, கண்ணாடி என்ற பேச்சை எடுத்தால் "எனக்கென்ன கிழவனாட்டமா தெரியுது?" என்று எகிறுவார். வந்த சனிக்கிழமை சித்தப்பாவுக்குக் கருப்புச் சட்டத்தில் பெரிய கண்ணாடியாகப் போட்டான். இனி இரண்டு பேரையும் யாராலும் முடிச்சுப்போட முடியாது.

அடுத்த திங்கட்கிழமை ராமையா கருப்புச் சட்டக் கண்ணாடியோடு வந்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தக் கண்ணாடி வழியாக ராமையாவுக்கு எல்லாம் தெரிய ஆரம்பித்தது. வெல்டிங்கில் இருந்த ஓட்டை தெரிந்தது. கீல் கோணலாக இருப்பது தெரிந்தது. அருள் அடித்த பெயிண்ட் மூலையில் வழிந்து காய்ந்திருப்பது, ஐயோ, நன்றாகவே தெரிந்தது. இத்தனை நாளும் இப்படித்தானா அனுப்பினோம் என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார். பிறகு "யல்லா" என்றார். லாரியில் ஏற்றிய கேட்டெல்லாம் திரும்ப இறங்கின. சுரண்டல், தேய்ப்பு, மறுபடி பெயிண்ட். ஒர்க்‌ஷாப்பே முனகியது.

"எல்லாம் அந்தப் படம் வரையற படுபாவியால வந்தது" என்று வெல்டர்கள் பேசிக்கொண்டார்கள். "அவன் எதை வரைஞ்சாலும் இந்த ஆளு வீம்புக்குச் செய்யறாரு. அவன் மட்டும் கையில கிடைக்கட்டும்."

"கிடைக்கட்டும், கிடைக்கட்டும்" என்று அருளும் சேர்ந்து சொல்லவேண்டியதாயிற்று.

சித்தப்பாவின் முகத்தைத் தொட்டால்தானே வம்பு, வேலையையே மாற்றிவிடுவோம் என்று அவன் அடுத்து நினைத்தான். செம்பருத்தி சாரும் அதே நினைப்பில் இருந்தார். "ஒருநாளாவது கரண்டியைப் பிடிக்கட்டும். உட்கார்ந்த இடத்தில் குறை சொல்கிறவருக்கு அதன் பாடு தெரியட்டும்" என்று எழுதியிருந்தார். எவ்வளவு ஆழமாகப் பாத்திரத்தைப் புரிந்துவைத்திருக்கிறார் என்று அருள் வியந்தான். ராமையா கேம்ப் மெஸ்ஸில் சாப்பாட்டைக் குறை சொல்லுவார், சமையலறைப் படியை மிதித்ததில்லை. ஆகவே சித்தப்பா அந்த வாரம் அடுப்பின் முன்னால் நின்று பருப்பைப் பார்த்து "யல்லா, யல்லா" என்று கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை கேம்ப் மெஸ்ஸுக்குப் போனால், சமையல்காரர் வெளியே நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ராமையா கைலியை மடித்துக் கட்டி கத்தரிக்காய் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார். பருப்பு வேகவில்லை, புளியின் பச்சை வாசனையும் போகவில்லை. எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து அவரே பரிமாறி, ஒவ்வொருவன் தலைக்கு மேலேயும் நின்று எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொன்னவனுக்கு இன்னொரு கரண்டி விழுந்தது. கடைசியில் அண்டாவைப் படம்பிடித்து யாருக்கோ அனுப்பினார்.

அன்று சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த செய்கு முகம்மது இறுதியாகச் சொல்லிவிட்டார். இனி ஒரு படம் வந்தாலும் ரூமில் இடம் கிடையாது, அடுத்த வாரம் நீ சித்தப்பாவை டான்ஸ் ஆடவிட்டால் நாங்கள் எல்லாம் என்ன ஆவது என்றார். அருளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தான். எப்படி நிறுத்துவது என்று மட்டும் செம்பருத்தி சாரைக் கேட்டான். இந்த முறை பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆனது.

"சித்தப்பா ஊருக்கு வரட்டும். போதும் அங்கே இருந்தது."

அருள் அந்தக் கடைசிச் சித்திரத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தான். கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சித்தப்பா விமான நிலையத்தில் நிற்கிறார். வரிசை நகரவில்லை, "யல்லா" என்கிறார். விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்கிறார். நாலாவது கட்டத்தில் வானம் மட்டும், ஒரு சின்ன விமானம். கீழே "முற்றும்" என்று எழுதிவிட்டு அருள் போனை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டான். யாருக்கும் தெரியாமல் அவனிடம் இருந்த ஒரே நல்ல விஷயம் அது. அதையும் அவனே வழியனுப்பி வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ராமையா இல்லை. ஒர்க்‌ஷாப்பில் இறங்கியதுமே, ஆபீஸ் கேபினுக்கு அருளை வரச்சொன்னார் என்று செய்தி வந்தது. செய்கு முகம்மது அவன் தோளில் கைவைத்து, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அருள் பெயிண்ட் கையோடு அப்படியே போனான்.

கேபினில் ராமையா மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். காலடியில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. லீவ் பாஸாகிவிட்டது, சாயங்காலம் ஃபிளைட் என்றார். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

"முற்றும்னு போட்டுட்டான்டா" என்றார்.

அருள் பெயிண்ட் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"அவனைக் கண்டுபிடிச்சு, தயவுசெஞ்சு நிறுத்தாதப்பான்னு ஒரு வார்த்தை சொல்லணும்னுதான்டா இத்தனை நாளா உன்னை நச்சரிச்சேன். எங்க ஊர்ல என்னைப் பத்தி யாரு பேசியிருக்கா? ராமையாவா, அபுதாபியில இருக்காரு. அவ்வளவுதான் பேச்சு. லீவுல போனாலும் நாலாவது நாளே எப்பத் திரும்பறீங்கம்பாங்க. அதுக்காகவே போகாம இருந்தேன். இது வந்தப்புறம் டீக்கடையில வாராவாரம் என்னையப் படிக்கறாங்கடா. அது நான்தான்னு முத வாரமே எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்."

"அப்ப மீசை...?"

"திடீர்னு மீசையை எடுத்துட்டான். மச்சினன் போன் போட்டு, மாமா இது நீங்க இல்ல போலிருக்கேங்கறான். விடமுடியுமா? அன்னிக்குச் சாயங்காலமே சலூனுக்குப் போயிட்டேன். கண்ணாடி, சாம்பாரு, எல்லாம் அப்படித்தான். இப்ப ஊருக்குப் போறேன். ஆனா இனிமே நான் வரமாட்டேன்ல அதுல?"

இத்தனை நாள் பயந்ததெல்லாம் அருளுக்கு ஒரே நிமிஷத்தில் வெட்கமாக மாறியது. தான் கிண்டலுக்கு வரைந்த ஒரு மீசையை இந்த மனுஷன் மரியாதையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்குமேல் அவனால் மறைக்க முடியவில்லை.

"நான்தாண்ணே அது."

ராமையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்னை அல் கூஸ் பூரா நடக்கவிட்டியேடா."

சொல்லிக்கொண்டே எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். புதுச் சட்டையின் முதுகில் பத்து விரலும் பச்சைப் பெயிண்டில் பதிந்தன. அதை அவர் கவனிக்கவில்லை, அருளும் சொல்லவில்லை. ராமையா அப்போதே வீட்டுக்கு வீடியோ கால் போட்டார். "மீனா, ஆளு கிடைச்சுட்டான். இத்தனை நாளா நம்ம பெயிண்டர்தான்" என்று கத்தினார். போனை அருளின் கையில் திணித்து, சந்தோஷத்தில் ஒன்று பற்றவைத்துக்கொண்டு வருகிறேன் என்று காதிலிருந்ததை உருவியபடி வெளியே போனார்.

திரையில் ராமையாவின் மனைவி மீனாம்பாள் வாசலில் நின்றிருந்தார். பின்னால் வேலி முழுக்கச் செம்பருத்தி பூத்திருந்தது. அருள் வணக்கம் சொன்னான். அவர் பதிலுக்குத் தலையை மட்டும் அசைத்து, ராமையா வெளியே போய்விட்டாரா என்று கேட்டார். போய்விட்டார் என்றான். மீனாம்பாள் போனைக் கிட்டே கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நான் எழுதி அனுப்பினதை எல்லாம் ஒண்ணு விடாம வரைஞ்சுட்டீங்க தம்பி, அந்த முற்றும்ங்கறதை மட்டும் அழிச்சுட்டு, அடுத்த வாரம் சித்தப்பா சிகரெட்டை விட்டுடற மாதிரி போட்டுடுங்க."